நாடுகடத்தலும் மீட்பும்: இறைவாக்கினர் நூல்களை எந்த வரிசையில் படிப்பது?

எங்கள் பங்கின் சிறு குழுவான அன்பியக் குழுவோடு, நாடுகடத்தலையும் மீட்பையும் பற்றிய இறைவாக்கினர் பகுதிகளை முதன்முறை படித்தபோது நான் எசாயா 53-ஆம் அதிகாரத்தில், பிறருக்காகத் துன்புறும் ஊழியனைப் பற்றிய பாடலில், தொடங்கினேன். எல்லாருக்கும் தெரிந்த பகுதி, மனதைத் தொடும் பகுதி, எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் வாரமே “இது இயேசுதான்” என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வாரம் யாரிடமும் கேள்வியே இல்லை. பதில் சரிதான். ஆனால் எந்தக் கேள்விக்கு அது பதில் என்பது குழுவில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் அவர்கள் முன் வைக்கவே இல்லை.

அடகு வைத்த நகையை மீட்டு வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், மீட்பு என்ற சொல்லின் எடை தெரியும். நகை கையை விட்டுப் போன நாளும், வட்டி ஏறிய மாதங்களும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. எபிரேய இறைவாக்கினர் நூல்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். இழப்பில் தொடங்கி, அதில் கொஞ்ச காலம் தங்கி, அப்புறம்தான் ஆறுதலுக்கு வர வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் பன்னிரண்டு வாரத்தில் முடிக்கலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இணைத்திருமுறை நூல்கள் சேர்ந்த கத்தோலிக்கப் பதிப்புத் திருவிவிலியம் ஒன்று வேண்டும். பாரூக்கு நூல் அதில்தான் இருக்கும், நமக்கு அது தேவைப்படும். வீட்டில் பழைய மொழிபெயர்ப்பு இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே வசனத்தை இரண்டு தமிழில் படிக்கும்போது மூலத்தில் இருக்கும் முடிச்சு தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பில் “சிறையிருப்பு” என்ற சொல் அடிக்கடி வரும். அதைக் கேட்டதும் புதியவர்கள் கம்பி போட்ட சிறையை நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. யூதா நாட்டு மக்களைப் பாபிலோனியர் அவர்கள் மண்ணிலிருந்து பெயர்த்து இன்னொரு மண்ணில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்களுக்கு வீடு இருந்தது, வேலை இருந்தது, திருமணங்கள் நடந்தன. கோவில் இல்லை, அரசர் இல்லை, ஊர் இல்லை. முதல் நாளே இதைத் தெளிவுபடுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் “வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்” என்று எரேமியா எழுதும் இடத்தில் குழு முழுவதும் குழம்பும்.

பண்டைய மேற்காசியாவின் வரைபடம் ஒன்றும் வேண்டும். எருசலேமையும் பாபிலோனையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். பாபிலோன் கிழக்கே இருக்கிறது. ஆனால் எரேமியா பகைவன் “வடக்கிலிருந்து” வருகிறான் என்கிறார். நடுவே பாலைநிலம் கிடப்பதால் படைகளும் நாடுகடத்தப்பட்டவர்களும் யூப்பிரத்தீசு ஆற்றை ஒட்டி வடக்கே சுற்றித்தான் போய்வர முடியும். பிற்காலத்தில் எஸ்ரா பாபிலோனிலிருந்து எருசலேம் வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று (எஸ்ரா 7:9). இதை மனத்தில் வைத்துக்கொண்டு எசாயா 40-க்கு வந்தால், பாலைநிலத்தின் குறுக்கே நேரான நெடுஞ்சாலை என்பது எவ்வளவு துணிச்சலான கனவு என்று யாரும் விளக்காமலே புரியும்.

2. ஆறு ஆண்டுகளை மட்டும் எழுதி ஒட்டுங்கள்

கி.மு. 722: அசீரியர் சமாரியாவைப் பிடிக்கிறார்கள், வட நாடான இஸ்ரயேல் முடிகிறது. 597: பாபிலோன் அரசர் நெபுகத்னேசர் எருசலேமிலிருந்து அரசர் யோயாக்கினையும் முதல் கூட்டத்தையும் கொண்டுபோகிறார். 587 அல்லது 586: நகரும் கோவிலும் எரிகின்றன, இரண்டாம் கூட்டம் போகிறது. 539: பாரசீக அரசர் சைரசு பாபிலோனைப் பிடிக்கிறார். 538: யூதர்கள் திரும்பலாம் என்ற ஆணை. 515: இரண்டாம் கோவில் கட்டி முடிகிறது.

இவ்வளவு போதும். கூடுதலாக ஆண்டுகளை அடுக்கினால் பரீட்சைக்குப் படிப்பது போல ஆகிவிடும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: இரண்டு நாடுகடத்தல்களையும் ஒன்றாகக் கலப்பது. ஆமோசும் ஓசேயாவும் வட நாட்டவரிடம் அசீரிய ஆபத்தைப் பற்றிப் பேசினார்கள். எரேமியாவும் எசேக்கியேலும் தென் நாடான யூதாவின் மக்களிடம் பாபிலோன் ஆபத்தைப் பற்றிப் பேசினார்கள். நடுவே நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஒவ்வொரு பகுதியைத் திறக்கும்போதும் “யார், யாரிடம், எந்த அழிவுக்கு முன் அல்லது பின்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. இறைவாக்கினருக்கு முன் இணைச்சட்டம் 28–30

இதை விட்டுவிட்டு நேரே இறைவாக்கினரிடம் போகிறவர்கள் கடவுளைக் கோபக்காரராக மட்டும் பார்க்கத் தொடங்குகிறார்கள். இறைவாக்கினர் புதிதாக எதையும் மிரட்டவில்லை. ஏற்கெனவே இருதரப்பும் ஒத்துக்கொண்ட உடன்படிக்கையை நினைவூட்டுகிறார்கள். அந்த உடன்படிக்கையின் வாசகம் இணைச்சட்டத்தில் இருக்கிறது. அதை மீறினால் மண்ணை இழப்பீர்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. இழந்த பிறகு திரும்பினால் உலகின் கடைசி எல்லையிலிருந்தும் கூட்டிச் சேர்ப்பேன் என்பதும் அங்கேயே இருக்கிறது.

30-ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களில் எபிரேயத்தில் “ஷூவ்” என்ற வினை ஏழு முறை வருகிறது. திரும்புதல் என்று பொருள். ஊருக்குத் திரும்புவதற்கும் அதுதான் சொல், மனம் திரும்புவதற்கும் அதுதான் சொல். இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது, நாமும் “திரும்பு” என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். அந்தப் பத்து வசனங்களில் “திரும்பு” என்ற பொருள் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். மக்கள் திரும்புகிறார்களா, கடவுள் திரும்புகிறாரா, யார் முதலில் என்ற பேச்சு தானாகவே எழும். அதற்கு அன்றே தீர்ப்பு சொல்ல வேண்டாம். எரேமியா, எசேக்கியேல் இருவரும் அந்தக் கேள்வியோடுதான் போராடுகிறார்கள்.

4. இழப்பில் ஒரு வாரம் தங்குங்கள்

2 அரசர்கள் 24, 25. பிறகு புலம்பல் நூல், ஒரே அமர்வில், வாய்விட்டு. பிறகு திருப்பாடல் 137.

இந்த வாரம் விளக்கம் குறைவாகவும் வாசிப்பு அதிகமாகவும் இருக்கட்டும். புலம்பலின் முதல் நான்கு பாடல்களும் எபிரேய அகரவரிசையில், 22 எழுத்துகளின் ஒழுங்கில் அமைந்தவை. எல்லாம் சிதறிப்போன ஒருவர் அழுகைக்கு மட்டும் ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொள்கிறார். ஐந்தாம் பாடலில் 22 வசனங்கள் இருக்கின்றன, அகரவரிசை இல்லை. அதைச் சொன்னதும் குழுவில் ஒரு மௌனம் வரும். அதைக் கலைக்காதீர்கள்.

போர் காரணமாகவோ வேறு காரணத்தாலோ ஊரை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்கள் குழுவில் இருந்தால், திருப்பாடல் 137-ஐப் பற்றி அவர்கள் முதலில் பேசட்டும். ஆனால் வற்புறுத்த வேண்டாம்.

அந்தத் திருப்பாடலின் கடைசி வரிகள் கொடூரமானவை, குழந்தைகளைப் பாறையில் மோதுவது பற்றியவை. திருச்சபையின் அன்றாட மன்றாட்டு நூலான திருப்புகழ்மாலையில் அந்த வசனங்கள் விடப்பட்டிருக்கின்றன. ஆனால் படிப்பில் விடாதீர்கள். தன் குழந்தைகளைக் கண்முன் இழந்தவர்களின் குரல் அது. பழியைத் தங்கள் கையில் எடுக்காமல் கடவுளிடம் கத்துகிறார்கள். அதை ஒரு போதனையாகப் படித்தால் தவறாகிவிடும். காயம்பட்டவர்களின் மன்றாட்டாகப் படித்தால் அது அங்கே ஏன் இருக்கிறது என்று தெரியும்.

எத்தனை பேர் போனார்கள் என்று யாராவது கேட்பார்கள். 2 அரசர்கள் 24:14 பத்தாயிரம் பேர் என்கிறது. எரேமியா 52:28-30 மூன்று தடவையாக 3,023, 832, 745 என்று கணக்குக் காட்டி மொத்தம் 4,600 என்கிறது. இரண்டையும் அடித்துப் பிடித்து ஒன்றாக்க முயல வேண்டாம். பெரும்பாலான ஏழைகள் மண்ணிலேயே விடப்பட்டார்கள், தலைவர்களும் கைவினைஞர்களும் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை இரண்டு நூல்களும் ஒப்புக்கொள்கின்றன. பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில், யூதா அரசர் யோயாக்கினுக்கும் அவருடைய ஐந்து மக்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. விவிலியத்தில் படித்த பெயரை அரண்மனைக் கிடங்கின் கணக்கில் காண்பது புதியவர்களுக்குப் பெரிய உறுதியைத் தருகிறது.

5. எரேமியா: ஒரு பொய் ஆறுதலும் ஒரு கிரயப் பத்திரமும்

எரேமியா நூல் காலவரிசையில் இல்லை. முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் போனால் பத்தாவது அதிகாரத்துக்குள் களைத்துவிடுவீர்கள். இந்த வரிசையில் போங்கள்: 1, 7, 28, 29, 32, அப்புறம் 30–31.

7-ஆம் அதிகாரத்தில் கோவில் வாசலில் நின்று எரேமியா பேசுகிறார். கோவில் இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை உடைக்கிறார். 28-இல் அனனியா என்ற இறைவாக்கினர் எழுந்து, இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறார். யார் பேச்சு இனிக்கிறது என்று குழுவிடம் கேளுங்கள். அனனியாவின் பேச்சுதான். இனித்த பேச்சுதான் பொய்யும் கூட. இதைக் கடந்து வந்த பிறகே 29-ஐத் திறக்க வேண்டும்.

29:11-ஐத் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் நிறைய. உங்களுக்கு வளமான எதிர்காலம் தருவேன் என்ற பொருளில் வரும் வசனம். அதற்கு முந்திய வசனத்தைச் சேர்த்துப் படியுங்கள்: எழுபது ஆண்டு நிறைவுற்ற பின். அந்தக் கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்கள் யாரும் அந்த நாளைப் பார்க்கப் போவதில்லை. இன்னொன்று தமிழில் மட்டும் எழும் சிக்கல். “உங்களுக்கு” என்பதை நாம் மரியாதை ஒருமையாகவும் எடுத்துக்கொள்வோம், அதனால் எனக்கே எழுதியது போல ஒலிக்கும். எபிரேயத்தில் அது பன்மை, ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சொன்னது. இதை விளக்கும்போது கொஞ்சம் கனிவாக விளக்குங்கள். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நோயையும் கடனையும் தாண்டியவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். வாக்குறுதி பொய்யில்லை, நாம் நினைத்ததைவிட நீளமானது என்று சொன்னால் போதும்.

எழுபது ஆண்டை நாள்காட்டிக் கணக்காக அடிக்க முயல்வதும் வழக்கமான சறுக்கல். கோவில் எரிந்ததிலிருந்து புதுக் கோவில் முடிந்தது வரை எண்ணினால் ஏறத்தாழ எழுபது வரும், வேறு விதமாக எண்ணினால் வேறு எண் வரும். 2 குறிப்பேடு 36:21 அதை நிலம் அனுபவிக்கும் ஓய்வாகப் பார்க்கிறது. தானியேல் 9 அதை எழுபது வாரங்களாக விரிக்கிறது. விவிலியமே ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பத் தியானித்துப் பொருள் விரிக்கிறது, நாமும் அங்கே நின்றுகொள்ளலாம்.

இனி 32-ஆம் அதிகாரம். இந்தப் படிப்பு முழுவதிலும் ஒரே ஒரு அதிகாரத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதை எடுத்துக்கொள்வேன். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். சித்தப்பா மகன் அனமேல் வந்து, அனத்தோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உன்னுடையது என்கிறார். அனத்தோத்து எருசலேமை அடுத்த சிற்றூர், நாடு பகைவன் கையில். அந்த நேரத்தில் எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், முத்திரை வைக்கிறார்கள், எரேமியாவின் எழுத்தர் பாரூக்கு அதை மண்பானையில் இட்டு வைக்கிறார், நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று. இந்நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் விலைக்கு வாங்கப்படும் என்பது அன்றைய இறைவாக்கு.

நம் ஊரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் இந்தக் காட்சி உடனே புரியும். நம்பிக்கை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வாயால் பாடிய நம்பிக்கை இது இல்லை, கையிலிருந்த வெள்ளியைக் கொடுத்த நம்பிக்கை.

இதன் பிறகு 30–31 படித்தால் புதிய உடன்படிக்கை (31:31-34) எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பழைய உடன்படிக்கை முறிந்ததன் முழு வலியும் அதற்கு முன்னால் நிற்கிறது.

6. எசேக்கியேல்: மகிமை போன பாதையும் வந்த பாதையும்

எசேக்கியேல் 597-இல் கொண்டுபோகப்பட்ட குரு. கோவிலில் பணியாற்ற வேண்டியவர், கெபார் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். படிக்கும் வரிசை: 1, 8–11, 18, 33, 34, 36–37, 43.

ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டு படியுங்கள். ஆண்டவரின் மகிமை கோவிலின் உள்ளிருந்து வாயிலுக்கு, வாயிலிலிருந்து நகரின் கிழக்கே உள்ள மலைக்கு (11:23). 43-இல் அதே கிழக்குத் திசையிலிருந்து திரும்பி வருகிறது. நடுவே இருப்பதெல்லாம் அந்த இரண்டு அம்புகளுக்கு இடைப்பட்ட காலம்தான். 11:16 தவறவிடக்கூடாத வசனம்: தொலைநாடுகளில் அவர்களுக்கு நானே கொஞ்சக் காலம் தூயகமாக இருந்தேன் என்ற பொருளில் ஆண்டவர் சொல்கிறார். கோவில் போனது, ஆனால் கோவிலின் ஆண்டவர் கூடவே நடந்திருக்கிறார்.

18-ஆம் அதிகாரத்தை ஏன் சேர்த்தேன் என்றால், நம்மிடையே பரம்பரைச் சாபம் என்ற பேச்சு அதிகம். தந்தையர் புளித்த திராட்சை தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழியை இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று ஆண்டவர் ஆணையிட்டுச் சொல்கிறார். குழந்தை நோயுற்றதற்குத் தாத்தா செய்த பாவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய் இந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். நாடுகடத்தல் ஒரு மக்களின் உடன்படிக்கை மீறலுக்கு வந்த விளைவு. அதை அப்படியே எடுத்து ஒரு தனி மனிதரின் நோய்மேல் வைக்கக்கூடாது. குழு நடத்துபவர் இதை ஒருமுறையாவது வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

37-இல் உலர்ந்த எலும்புகள். உடனே இறுதி நாள் உயிர்ப்புக்குத் தாவுவார்கள். 37:11-ஐப் படிக்கச் சொல்லுங்கள், இந்த எலும்புகள் இஸ்ரயேல் வீட்டார் அனைவரும் என்று பாடமே சொல்கிறது. எங்கள் நம்பிக்கை போயிற்று என்று சொன்ன மக்கள் மீண்டும் மக்களாக எழுவது முதல் பொருள். திருச்சபைத் தந்தையர் அதில் உடலின் உயிர்ப்பையும் கண்டார்கள், அதுவும் நம்முடையதே. முதல் பொருளின்மேல் அது நிற்கிறது.

7. எசாயா 40–55: மீட்பர் என்றால் உறவினர்

39-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா அரசர் பாபிலோன் தூதருக்குக் கருவூலத்தைத் திறந்து காட்டுகிறார், இதெல்லாம் ஒருநாள் அங்கே போகும் என்கிறார் எசாயா. பக்கத்தைத் திருப்பினால் “ஆறுதல் கூறுங்கள்” என்று 40 தொடங்குகிறது. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. 40–55 நாடுகடத்தலின் இறுதிக் காலத்தில் எழுந்தது என்பது இன்று கத்தோலிக்க விவிலிய அறிஞர் பலரின் கருத்து. இதைக் கேட்டுச் சிலர் கலங்குவார்கள். தூண்டுதல் தந்த ஆவியார் ஒருவரே, எழுதிய கைகள் பலவாக இருக்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் அமைதியாவார்கள்.

இங்கே “கோஎல்” என்ற எபிரேயச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில் மீட்பர் என்று வருவதில் பல இடங்களில் இதுதான். லேவியர் 25-இன்படி வறுமையால் நிலத்தை விற்றவரின் நெருங்கிய உறவினர் அதைத் திருப்பி வாங்க வேண்டும், தன்னையே விற்றுக்கொண்டவரையும் உறவினர்தான் மீட்க வேண்டும். ரூத்து நூலில் போவாசு செய்வதும், எரேமியா அனத்தோத்தில் செய்ததும் இதே கடமைதான். நம் சொல்லில் விலை கொடுத்துத் திருப்புவது இருக்கிறது, ஆனால் உறவுமுறை இல்லை. அடகுக் கடையில் யார் பணம் கட்டினாலும் நகை வரும். கோஎல் என்றால் இரத்த உறவு. கடவுள் தம்மை உங்கள் கோஎல் என்று அழைக்கும்போது, நான் உங்கள் நெருங்கிய சொந்தம், இது என் கடமை என்று சொல்கிறார். 41:14, 43:14, 44:6, 47:4, 48:17, 49:7, 54:5 ஆகிய வசனங்களை ஒருவருக்கு ஒன்றாகக் கொடுத்து வரிசையாக வாசிக்கச் செய்யுங்கள். பிறகு 52:3: விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள்.

45:1-இல் சைரசு ஆண்டவரின் திருப்பொழிவு பெற்றவர் என்று அழைக்கப்படுகிறார். எபிரேயத்தில் அது மெசியா என்ற சொல்லேதான். ஒரு பிற இன அரசருக்கு! 1879-இல் பாபிலோனில் கிடைத்த சைரசின் களிமண் உருளையில், பாபிலோனின் மார்துக்கு தெய்வம் தன்னைத் தேர்ந்தெடுத்ததாக அவர் சொல்கிறார். யூதாவின் பெயர் அதில் இல்லை. நீ என்னை அறியாதிருந்தும் நான் உன்னைப் பெயர் சொல்லி அழைத்தேன் என்கிறது எசாயா 45:4. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்போதுதான் ஊழியன் பாடல்கள், அதாவது ஆண்டவரின் ஊழியன் ஒருவனைப் பற்றிய நான்கு பாடல்கள்: 42:1-4, 49:1-6, 50:4-9, 52:13–53:12. ஊழியன் யார்? 49:3-இல் இஸ்ரயேல் என்று பெயரே இருக்கிறது, 49:5-6-இல் அந்த ஊழியனுக்கு இஸ்ரயேலைத் திருப்பிக் கொண்டுவரும் பணி இருக்கிறது. மக்களாகவும் இருக்கிறார், மக்களுக்காகவும் நிற்கிறார். இந்த முடிச்சை அவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டு 53-க்கு வாருங்கள். அங்கே இயேசுவைக் காணும்போது, ஏன் அவர் முழு இஸ்ரயேலையும் தம்மில் ஏந்துகிறார் என்று திருச்சபை சொல்கிறது என்பது புரியும்.

8. திரும்பி வந்தவர்களின் ஏமாற்றம்

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் புதிய ஏற்பாட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். போகாதீர்கள். எஸ்ரா 2:64 திரும்பியவர்கள் 42,360 பேர் என்கிறது. கோவிலுக்கு அடித்தளம் இட்டபோது, பழைய கோவிலைப் பார்த்த முதியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் பலர் ஆர்ப்பரித்தார்கள், எது எந்த ஒலி என்று பிரித்தறிய முடியவில்லை (எஸ்ரா 3:12-13). நெகேமியா 9:36-இல் சொந்த மண்ணில் நின்றுகொண்டே, இன்று நாங்கள் அடிமைகள் என்று மன்றாடுகிறார்கள். தாவீதின் அரியணை காலியாகவே இருக்கிறது. எசாயா பாடிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. திரும்பினார்கள், ஆனால் மீட்பு முடியவில்லை. புதிய ஏற்பாடு திறக்கும் கதவு இதுதான்.

9. புதிய ஏற்பாட்டுக்கு வருதல்

மத்தேயு 1:17-ஐ எடுங்கள். ஆபிரகாம், தாவீது, பாபிலோன் நாடுகடத்தல், மெசியா என்று நான்கு கம்பங்களை நடுகிறார். நாடுகடத்தலை ஒரு கம்பமாக அவர் ஏன் வைத்தார் என்று இப்போது கேட்டால் குழுவே பதில் சொல்லும்.

மத்தேயு 2:18 எரேமியா 31:15-ஐ எடுக்கிறது, இஸ்ரயேலின் தாயான ராகேல் ராமாவில் தன் பிள்ளைகளுக்காக அழுவது. நாடுகடத்தப்பட்டவர்களை விலங்கிட்டு வைத்திருந்த இடம் ராமா (எரே 40:1). அதே எரேமியா 31-இல்தான் புதிய உடன்படிக்கையும் இருக்கிறது, லூக்கா 22:20-இல் கிண்ணத்தின்மேல் இயேசு சொல்வதும் அதுவே. ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் கேட்கும் அந்தச் சொற்களுக்குப் பின்னால் எரிந்த எருசலேம் இருக்கிறது. எபிரேயர் 8 அந்தப் பகுதியை முழுமையாக மேற்கோள் காட்டுகிறது.

இங்கே இரண்டு எதிரெதிர்ச் சறுக்கல்கள் உண்டு. ஒன்று, இறைவாக்கினர் நாடியில் எழுதி வைத்தது போல இயேசுவை முன்கூட்டிச் சொன்னார்கள், அவர்கள் காலத்து மக்களுக்கு அதில் ஒன்றுமில்லை என்பது. இன்னொன்று, இது வெறும் பழைய வரலாறு, கிறிஸ்துவை அதில் காண்பது நம் கற்பனை என்பது. இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு (1965) 12-ஆம் எண்ணில், எழுதியவர் என்ன சொல்ல விரும்பினார் என்று தேடச் சொல்கிறது, அதோடு முழு விவிலியத்தின் ஒருமையையும் திருச்சபையின் உயிருள்ள மரபையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 115 முதல் 119 வரையுள்ள எண்கள், எழுத்தின் நேர்ப்பொருள்மேல்தான் மற்றப் பொருள்கள் நிற்கின்றன என்கின்றன: நம்பிக்கைக்கு என்ன சொல்கிறது, நடத்தைக்கு என்ன சொல்கிறது, இறுதி நம்பிக்கைக்கு என்ன சொல்கிறது. அந்தக் கடைசிப் பொருளுக்கு எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டாம். செபமாலை முடிவில் “பரதேசிகளாய் இருக்கிற நாங்கள் ஏவையின் மக்கள்” என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது அதுதான்: இவ்வுலகில் நாம் நாடுகடத்தப்பட்டவர்கள், நம் ஊர் விண்ணகம்.

இன்னொன்று மிக முக்கியம். இந்தப் பகுதிகளை வைத்து யூதர்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று யாரும் பேச இடம் கொடுக்காதீர்கள். தண்டனைச் சொற்களை அவர்களுக்கும் ஆறுதல் சொற்களை நமக்கும் பங்கு பிரிப்பது நேர்மையில்லாத வாசிப்பு. கடவுளின் அருள்கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படுவதில்லை என்று உரோமையர் 11:29 சொல்கிறது, கிறிஸ்தவம் அல்லாத சமயங்களைப் பற்றிய அதே சங்கத்தின் ஏடும் அதையே வலியுறுத்துகிறது. இறைவாக்கினர் தம் சொந்த மக்களை உள்ளேயிருந்து கண்டித்தவர்கள். நாமும் அந்தக் கண்டனத்தை நம்மேல் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

10. வழிபாட்டு ஆண்டோடு பொருத்துங்கள்

பன்னிரண்டு வாரத்தைப் பாஸ்கா திருவிழிப்பிலிருந்து (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாட்டிலிருந்து) பின்னோக்கி எண்ணித் தொடங்கினால், கடைசி வாரங்கள் புனித வாரத்தோடு சேரும். புனித வாரத் திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் நான்கு ஊழியன் பாடல்களும் அதே வரிசையில் திருப்பலியிலும் வழிபாட்டிலும் வாசிக்கப்படுகின்றன.

பாஸ்கா இரவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அவற்றில் நான்கு நாம் படித்த உலகத்திலிருந்து வருபவை: எசாயா 54, எசாயா 55, பாரூக்கு 3–4, எசேக்கியேல் 36. நேரம் கருதிப் பல பங்குகளில் ஏழும் வாசிக்கப்படுவதில்லை. அதனால் அன்று மாலை கோவிலுக்குப் புறப்படும் முன் இந்த நான்கையும் வீட்டில் சத்தமாகப் படித்துவிடுங்கள். எசாயா 54:7-இல், நொடிப்பொழுது உன்னைக் கைவிட்டேன், பேரிரக்கத்தோடு உன்னைச் சேர்த்துக்கொள்வேன் என்ற இடத்தில் நிறுத்தி, புலம்பல் 5-இன் கடைசி வசனத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே கேட்டதற்குத்தான் இங்கே பதில் வருகிறது.